ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், அண்ணா

அன்பும் மரியாதையும், அவற்றோடு கொஞ்சம் மனத்தாங்கலும் கலந்து, அண்ணாவுக்குத் தங்கை எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏற வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இறங்கவும் வேண்டாம். ஏறாதவள் எப்படி இறங்குவாள் என்று கேட்பீர்கள். எனக்கு இரண்டையும் பற்றித் தனித்தனியாகக் கவலைப்பட்டால்தான் மனசு ஆறும். என் சுபாவம் உங்களுக்குத் தெரியாததா?

சுபாவம் தெரிந்துமா அண்ணா, நீங்கள் உங்கள் பழைய ஸ்கூட்டரை லாரியில் ஏற்றி எனக்கு அனுப்பினீர்கள்? கூடவே ஒரு கடிதமும் வைத்திருந்தீர்கள். "இனிமேல் பஸ்ஸில் போகாதே, இதில் போ. இரண்டு கையும் பிடியில் இருக்கும், கண் சாலையில் இருக்கும், போன் சீட்டுக்கு அடியில் இருக்கும். அரை மணி நேரம் யாராலும் உன்னைக் கூப்பிட முடியாது. மனசு தானாக அமைதியாகும்" என்று எழுதியிருந்தீர்கள். அப்போது என் நிலைமை அப்படி. மருத்துவமனையில் முன்பதிவுப் பிரிவுக்கு நான்தான் மேற்பார்வை, நான்கு தொலைபேசி, ஏழு டாக்டர்கள், ஒருவர் நேரம் ஒருவருக்கு ஒத்துவராது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே காதில் போனை வைத்து யாருக்கோ பல் டாக்டரையும் யாருக்கோ கண் டாக்டரையும் ஒதுக்கிக்கொண்டு போவேன், ஒரு நாள் மாற்றி ஒதுக்கிவிட்டேன், கண் வலிக்காரர் பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குத்தான் எங்கள் இதய டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு. "அம்மா, என்னைப் பாக்க வர்றவங்க பரவாயில்ல, நீங்கதான் படுக்கணும்" என்றார். அதைக் கேட்டதும் நூற்று எழுபத்தைந்து ஆகிவிட்டது.

சரி, அண்ணன் சொல்லித் தப்பாகுமா என்று நாற்பத்தொன்பது வயதில் ஓட்டுநர் பயிற்சிக்குப் போனேன். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மூன்றாம் நாள் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, நீங்க வண்டிய ஓட்டல. எதிர்ல வர்றவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிட்டே போறீங்க" என்றாள். உண்மைதான். உரிமத்துக்கான தேர்வன்று நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. நிறுத்தினேன். அது எழுந்திருக்கும் என்று காத்திருந்தேன். தேர்வு அதிகாரி வெயிலில் நடந்து வந்து, "ஏம்மா நின்னுட்டீங்க?" என்றார். "தூங்குது சார், எழுப்பினா பாவம்" என்றேன். "நான் ஓய்வு பெறுறதுக்குள்ள அது எழுந்திருச்சா சரி" என்று சொல்லிவிட்டுத் தாளில் என்னவோ எழுதினார். தேறிவிட்டேன். ஒரு விதியையும் நான் மீறவில்லையாம். மீற வேண்டுமானால் முதலில் நகர வேண்டும் அல்லவா?

முதல் நாள் வேலைக்குப் போனதைக் கேளுங்கள். ஒன்பது மணி வேலைக்கு ஆறரைக்கே கிளம்பினேன். வழியெல்லாம் ஜனங்கள் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள், ஏதோ சொன்னார்கள். இந்த ஊரில் எவ்வளவு நல்ல மனுஷர்கள் என்று நானும் தலையை ஆட்டிக்கொண்டே போனேன். கடைசியில் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் என்னை முந்திக்கொண்டு வந்து, "ஏம்மா, அரை மணியா வலது பக்கம் விளக்கு போட்டுட்டே போறீங்களே, எப்பதான் திரும்பப் போறீங்க?" என்று கேட்டார். பதறிப்போய்த் திரும்பிவிட்டேன். அது ஒரு மரக்கடையின் உள்முற்றம். அதிலிருந்து வெளியே வர இரண்டு தச்சர்கள் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. ஒருவழியாக மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால் ஹெல்மெட்டின் வார் கழலவில்லை. இழுக்க இழுக்க இறுகுகிறது. தொலைபேசியோ மணி அடிக்கிறது. என்ன செய்ய? ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, ஒலிவாங்கியை அதன் சந்துக்குள் செருகிக்கொண்டு பேசினேன். மறுமுனையில் ஒரு அம்மா, "நீங்க என்ன கிணத்துக்குள்ள இருந்தா பேசுறீங்க? நான் வேற ஆஸ்பத்திரி பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள். எலும்பு டாக்டர் வந்து மாவுக்கட்டு வெட்டும் கத்திரியை எடுத்தார். அதைப் பார்த்த பயத்தில் நான் குனிந்தேன், வார் தானாகக் கழன்றுவிட்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் அண்ணா. உண்மையான கஷ்டம் மூன்றாம் வாரத்தில் வந்தது. பாலத்தைத் தாண்டி ஏரியை ஒட்டி ஒரு சாலை போகிறது. சுற்று வழிதான், ஆனால் வண்டிகள் குறைவு என்று அந்தப் பக்கம் போக ஆரம்பித்திருந்தேன். ஒரு காலை, காற்று முகத்தில் அடிக்கிறது, வண்டி ஒரே சீராக முனகிக்கொண்டு போகிறது, திடீரென்று மனசுக்குள் ஒன்றுமே இல்லை. காலியான வீடு மாதிரி இருந்தது. சமையல் எரிவாயுவை மூடினேனா என்ற கேள்வி இல்லை, மகள் சாப்பிட்டாளா என்ற கேள்வி இல்லை, நாளைய பட்டியல் இல்லை. ஓரமாக வண்டியை நிறுத்தி, எதையோ மறந்துவிட்டோம் என்று விரல் விட்டு எண்ணி யோசித்தேன். ஏழு டாக்டர்களும் ஞாபகம் இருந்தார்கள். வீட்டுச் சாவி பையில் இருந்தது. எதுவும் தொலையவில்லை, கவலையைத்தான் காணோம். நாற்பத்தொன்பது வருஷமாகக் கூடவே இருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் போனால் ஒரு மனுஷிக்கு எப்படி இருக்கும்?

இரண்டு நாளில் அதுவும் பழகிவிட்டது. பழகியது மட்டுமா, ருசி கண்டுவிட்டேன். இருபத்தெட்டு நிமிட வழியை நாற்பது ஆக்கினேன். போன சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். இரண்டே நிமிடம் என்றுதான் நினைத்தேன். கீழே தண்ணீருக்கு இறங்கும் படிகள் இருக்கின்றன. படியெல்லாம் பாசி. செருப்போடு இறங்கினால் வழுக்கி விழுவேன் என்று பயந்து செருப்பைக் கழற்றி வண்டிக்குப் பக்கத்தில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தேன். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டினேன். போன் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது, நீங்கள் சொன்னபடி. படியில் உட்கார்ந்தேன். நாரை ஒன்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. அதற்கும் எந்த அவசரமும் இருப்பதாகத் தெரியவில்லை.

பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தேன். ஐம்பத்தைந்து நிமிடம்.

அந்த நேரத்தில் மருத்துவமனையில் என்ன நடந்தது தெரியுமா? கணினிக்குக் கிறுக்குப் பிடித்து, ஏழு டாக்டர்களின் நோயாளிகள் அத்தனை பேரையும் எட்டரை மணிக்கே வரச் சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டது. கூடத்தில் நூற்று முப்பது பேர். என் பக்கத்து மேசைக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் கீச்சுக்குரல். அவள் என்னை இருபத்தாறு தடவை கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை என்றதும் உங்கள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். அவர் என்னை ஒன்பது தடவை கூப்பிட்டுவிட்டு, அப்புறம் வெளியூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு, "அம்மா உங்கிட்ட பேசினாளா?" என்று கேட்டு அவளையும் கதிகலங்க வைத்துவிட்டு, வாடகைக் கார் பிடித்து என்னைத் தேடிக் கிளம்பியிருக்கிறார். ஏரிப் பக்கமாகப் போகிறேன் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்.

வந்து பார்த்தால் வண்டி நிற்கிறது. ஹெல்மெட் தொங்குகிறது. செருப்பு ஜோடியாக இருக்கிறது. எதிரே ஏரி. ஆளைக் காணோம்.

அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது அண்ணா. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாரை பறந்து போய்விட்டது. நான் தடுமாறி எழுந்து மேலே ஏறி வந்தேன்.

"எங்க போனே நீ?"

"இங்கதாங்க இருந்தேன்."

"இங்க என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலங்க. சும்மா உக்காந்திருந்தேன்."

"சும்மாவா? நீயா?"

அவர் அப்படியே வண்டிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கார்க்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று கூச்சம் போலிருக்கிறது, கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி, முன்மூடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு அழுதார். உள்ளே ஆவி படர்ந்து கண்ணே தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஹெல்மெட்டைத் தடவிக்கொடுத்தேன். வேறு எங்கே தடவ?

கார்க்காரர்தான், "அம்மா, ஆஸ்பத்திரியில தேடுறாங்கன்னு சொன்னாரே, ஏறுங்க" என்றார். என்னைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத உங்கள் மாப்பிள்ளை அந்த ஸ்கூட்டரை நான்கு கிலோமீட்டர் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். ஹெல்மெட்டோடு. நடந்து போகிறவருக்கு அது எதற்கு என்று வழியில் இரண்டு பேர் கேட்டார்களாம்.

நானோ மருத்துவமனைக்குள் ஓடுகிறேன். கூடமே கவிழ்ந்து கிடக்கும், டாக்டர்கள் என்னை வேலையை விட்டே அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனால், கீச்சுக்குரல் ஒரு முக்காலி மேல் நின்று, "கண்ணு இடது பக்கம், பல்லு வலது பக்கம், இதயம் உக்காந்தே இருங்க, எழுந்திரிக்காதீங்க!" என்று கூவிக்கொண்டிருக்கிறாள். அவள் குரல் கூடத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் போகிறது. நூற்று முப்பது பேரும் ஏழு வரிசையில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறார்கள். "அக்கா, வந்துட்டீங்களா? நாங்க பாத்துக்கிட்டோம். தண்ணி குடிங்க" என்றாள். நல்ல பெண். ஆனால் அந்த "பாத்துக்கிட்டோம்" எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பதினெட்டு வருஷம் அண்ணா, தூக்கத்தில்கூட ஏழு பட்டியலைச் சுமந்தேனே, ஒரு முக்காலி போதும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே?

இதய டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார வைத்துப் பட்டையைச் சுற்றினார். நூற்று இருபத்தெட்டு. அவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் நூற்று இருபத்தெட்டு. "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றார். கணவரை அழவைத்துவிட்டு, மகளைக் கலங்கவைத்துவிட்டு வந்து நிற்கிறேன், இந்த ரத்தத்துக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கிறதா?

அன்று முதல் வீட்டில் கட்டுப்பாடு வந்துவிட்டது. மகளின் உத்தரவு. கிளம்பும்போது ஒரு செய்தி, பாலத்தில் ஒரு செய்தி, ஏரியில் ஒரு செய்தி, போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி. ஏரியில் செய்தி அனுப்ப வண்டியை நிறுத்தினால், நான் நின்றுவிட்டதைத் தன் போனில் பார்த்துவிட்டு உடனே கூப்பிடுகிறாள், "ஏம்மா நின்னுட்டே?" என்று. "உனக்குச் செய்தி அனுப்பத்தான்டி" என்கிறேன். உங்கள் மாப்பிள்ளையோ, நான் கிளம்பும்போது வாசலில் நிற்கிறார். தெருமுனை திரும்பும்வரை நிற்கிறார். கண்ணாடியில் அவர் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தால் எனக்குப் பாதை தெரியவில்லை.

யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு அமைதி கிடைக்க அவர் அப்படி ஹெல்மெட்டுக்குள் அழ வேண்டுமென்றால், அந்த அமைதி எனக்கு வேண்டாம். பஸ்ஸே போதும். பல்லையும் கண்ணையும் நிதானமாகப் பிரித்துக்கொள்கிறேன். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். துடைத்து, எண்ணெய் போட்டு, டயருக்குக் காற்று அடைத்து வைத்திருக்கிறேன். வருத்தமில்லை. கொஞ்சம்தான்.

அண்ணிக்கு என் அன்பு. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள், சூடு அதிகமாகிவிடப் போகிறது, பார்த்து. நீங்களும் உங்கள் புது வண்டியில் வேகமாகப் போகாதீர்கள். உங்கள் இருவர் ஆசியும் எங்கள் மேல் எப்போதும் இருக்கட்டும்.

உங்கள் பாசமுள்ள,
தங்கை

பின்குறிப்பு: மேலே சிவப்பு மையில் இருக்கும் திருத்தங்கள் என்னுடையவை அல்ல. கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அச்சகத்தில் பிழை திருத்துகிற உங்கள் மாப்பிள்ளை கையில் தாள் கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒற்றுப் பிழை நாலு இடத்தில் திருத்தியிருக்கிறார், அது சரி. ஆனால் "ஞாயிற்றுக்கிழமை" என்று வரும் வரியைக் குறுக்கே அடித்து, ஓரத்தில் "நீக்குக" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார். "என்னங்க இது?" என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். அதில் புது ஹெல்மெட், அவர் தலை அளவு. "அச்சகம் உன் வழியிலதானே. என்னைய இறக்கிவிட்டுட்டுப் போ. நான் பேச மாட்டேன்" என்றார். இன்று காலை ஏரிக்கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சொன்ன மாதிரியே பேசவில்லை. மகளுக்குச் செய்தி அனுப்பவும் இரண்டு பேரும் மறந்துவிட்டோம். அவள் உங்களைக் கூப்பிட்டு அழுதிருந்தால் மன்னிக்கவும், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். ஆனால் பஸ்ஸில் வாருங்கள் அண்ணா, பஸ்ஸிலேயே திரும்பிப் போக வேண்டியிருக்கும். வண்டியில் இடமில்லை.