அப்பவே கேட்டவர்

நல்ல பாட்டுக் கேட்பவர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. ஊருக்கு முன்னால் கேட்டவர் என்று ஓர் இனம் உண்டு. நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி. நீங்கள் ஆசையாக ஒரு பாடகியின் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள், "இப்ப அவங்க முன்ன மாதிரி இல்லீங்க" என்பார். முன்னால் எப்படி இருந்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அரை நாள் போய்விடும்.

நம்மவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் கண்ணில் விளக்கடித்து "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் களைத்தவர், சனிக்கிழமை நாலு மணியானால் சலவைக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் ரெக்கார்டு கடையில் இருப்பார். கடைக்கார அம்மாள் இசைத்தட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளி ஒரு பழைய கம்பளத்தை விரிப்பாள். அதுதான் மேடை. முப்பது பேர் நின்றால் மூச்சு முட்டும்.

ஸ்பீக்கர் பக்கத்துத் தூண் நம்மவருடையது. கையைக் கட்டி, கண்ணை மூடி, தாளத்துக்குச் சற்றுப் பிந்தித் தலையாட்டுவார். தாளத்தோடு ஆட்டுவது புதிதாக வந்தவர்கள் செய்கிற வேலையாம். பாட்டு நடக்கும்போதே பக்கத்துக் காதைப் பிடித்துக்கொள்வார். "இவங்களை அப்பவே கேட்டிருக்கேன். மொத்தமே ஏழு பேர்தான் இருந்தோம்." எந்தக் குழு பாடினாலும் அதே ஏழு பேர். மற்ற ஆறு பேரை யாராவது பார்த்ததுண்டா? கிடையாது. கூட்டம் சேர்ந்தால் சங்கீதம் கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. கடைக்கார அம்மாள் முகத்துக்கு நேரே "சார்" என்பாள். முதுகுக்குப் பின்னால் "அப்பவே".

ஒரு சனிக்கிழமை பேய் மழை. பஸ் ஓடவில்லை. தான் போகாமல் வேறு எவராவது போய்விட்டால் என்ன ஆவது? தெப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தார். உள்ளே கடைக்கார அம்மாளும், கிட்டாரோடு பாடகிப் பெண்ணும் மட்டும்.

"இன்னைக்கு விட்டுடலாமாக்கா?" என்றாள் அவள்.

"ஒருத்தர் வந்திருக்காரே."

"அப்ப அவருக்குப் பாடுறேன். உட்காருங்க சார்." தனக்கு இரண்டடி முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கூட்டமில்லாமல் கேட்க வேண்டும் என்ற இத்தனை வருஷ ஆசை நிறைவேறியதில், நம்மவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். சாயத் தூணில்லை. பேசக் காதில்லை. கண்ணை மூடினால் தூங்குகிற மாதிரி. கையைக் கட்டினால் பரீட்சை வைக்க வந்த மாதிரி.

"என்ன பாட்டு வேணும் சார்?"

அந்தப் பெண் அங்கே நாலு தடவை பாடியிருக்கிறாள். நாலு தடவையும் இவர் இருந்தார், பேசிக்கொண்டு. ஒரு பாட்டின் முதல் சொல்கூட நாக்கில் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். இப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து எத்தனை காலம் ஆயிற்றோ.

"நல்லதாப் போச்சு. இது யாருக்குமே தெரியாது. போன வாரம்தான் எழுதினேன், இன்னும் முடியல."

பாட்டில் ஓர் அம்மா புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மகளை வெகு நாளுக்கப்புறம் சரியாகப் பார்க்கிறாள். பாதியில் கிட்டார் நின்றது. "கண்ணாடி போட்டதும் மக முகத்தைப் பார்க்கிறா. இந்த இடம் ஏதோ பொய்யா இருக்கு."

"முகத்தைப் பார்க்க மாட்டாங்கம்மா" என்றார் மெதுவாக. "தினமும் மாட்டிவிடுறேனே. முதல்ல தன் கையைத்தான் பார்ப்பாங்க. இது என் கையான்னு திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, அப்புறம்தான் நிமிருவாங்க."

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள்.

வீட்டில் மனைவி துண்டை நீட்டினாள். "எத்தனை பேர் வந்தாங்க?"

"நான் ஒருத்தன்தான். பாட்டுல ஒரு வரி என்னோடது."

"ஏழு பேர் ஒண்ணாக் குறைஞ்சாச்சா? சரி, தலையைத் துவட்டுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக முழு உண்மை பேசியவர், தலையைத் துவட்டினார்.

மூன்று மாதம் கழித்து அதே பாட்டு, அதே கடை. கூட்டம் நடைபாதை வரை. அம்மா தன் கையைப் பார்க்கும் வரி வந்தபோது இருமல்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வரி யாருக்குத்தான் தோணுமோ" என்றாள்.

நம்மவர் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. "ஆமாம்மா" என்றார், அவ்வளவுதான். பாட்டு முடிகிறவரை பேசவேயில்லை. கைதட்டல் அடங்கியதும்தான், பாவம், தாங்க முடியாமல் அவள் பக்கம் சாய்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மழையில கேட்டப்ப இருந்த உயிர் இல்ல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, 'இந்த ஆள் முன்னெல்லாம் இதைவிட நல்லா எழுதுவார்' என்று யாரிடமாவது சொல்ல உங்களுக்கு வாய் துறுதுறுத்ததா, இல்லையா?