பால்ரஸ் சாரும் துள்ளாத கல்லும்

உலகத்தில் உள்ளவற்றை உயிருள்ளவை, உயிரில்லாதவை என்று பிரித்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது சுத்தத் தவறு என்பது பால்ரஸ் சாரின் கட்சி. அவரைப் பொறுத்தவரை துள்ளுபவை, துள்ளாதவை என்று இரண்டே வகைதான். எங்கள் மேலதிகாரி இரண்டாவது வகை.

அரியலூரில் நாங்கள் வேலை பார்த்த ஆபீஸில் அவருக்குத் தபால் பிரிவு. எல்லோரும் பேனா வைக்கும் சட்டைப் பையில் அவர் ஒரு பால்ரஸ் வைத்திருப்பார். லாரி பேரிங்கிலிருந்து கழற்றிய, நெல்லிக்காய் அளவு இரும்புக் குண்டு. அந்தக் கனத்தில் அவருடைய சட்டைகள் எல்லாம் இடது பக்கம் சரிந்தே இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

குண்டு எதற்கு என்றால், பட்டறைக்கல் வாங்குவதற்கு. பெயர்தான் கல். காய்ச்சிய இரும்பை மேலே வைத்து அடிக்கும் இரும்புக் கட்டை அது. நல்ல கல்லின் மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து பால்ரஸைப் போட்டால் ‘டிங்’ என்று துள்ளி ஏறக்குறைய கைக்கே திரும்பி வரும். மட்டக் கல் என்றால் ‘தொப்’பென்று விழுந்து அங்கேயே படுத்துக்கொள்ளும்.

பெரம்பலூரில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் சொந்தமாக ஒரு பட்டறை போட வேண்டும். உலை வந்துவிட்டது. சுத்தியல் நான்கு வந்துவிட்டன. இடுக்கியும் வந்துவிட்டது. கல் மட்டும் வரவில்லை. புதுக் கல்லின் விலையை விசாரித்த அன்று அவர் இரண்டு நாள் மெடிக்கல் லீவு போட்டார். அதன் பிறகு பழைய இரும்புக் கடைகளே கதி.

“எதுக்கு சார் இந்த வயசுல?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் கவர் ஒன்றில் சீல் குத்தினார். தொப். “இந்தச் சத்தம் கேக்குதா தம்பி? முப்பத்தஞ்சு வருசமா இதையேதான் தட்டிக்கிட்டு இருக்கேன். ரிட்டையர் ஆனப்புறமாச்சும் டிங்குன்னு சத்தம் வர்ற மாதிரி எதையாவது தட்டணும்.”

அவர் மனைவி கமலாக்காவின் கட்சி வேறு. “இந்தா பாருங்க, நீங்க ரிட்டையர் ஆவுற அன்னிக்குள்ள கல்லு வூடு வந்து சேரணும். வரலன்னா கொட்டாய்ல நாட்டுக்கோழி வுட்டுருவேன். சொல்லிப்புட்டேன்” என்று எங்கள் முன்னாலேயே நாள் குறித்துவிட்டார். குஞ்சுகளுக்குச் சொல்லியும் வைத்துவிட்டார்.

சாருக்குப் பதற்றம் கூடியது. பதற்றம் கூடினால் குண்டைப் போட்டுப் பார்ப்பார். பஸ்ஸில் போட்டார். அது டிரைவர் சீட் வரை உருண்டுபோக, பின்னாலேயே இவரும் தவழ்ந்து போக, பெண்கள் பக்கம் பெரிய கலவரம். மேலதிகாரியின் கண்ணாடி மேஜையிலும் ஒரு நாள் போட்டார். துள்ளியது. மேஜைதான் இரண்டாகிவிட்டது. “நல்ல கண்ணாடிதான் சார். ஆனா தாங்கல” என்று மேலதிகாரிக்கே ஆறுதல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொள்வார். இரண்டு மாவட்டத்திலும் நாங்கள் மிதிக்காத பழைய இரும்புக் கடை இல்லை. ஒரு கடைக்காரர் ரகசியமாகத் தண்டவாளத் துண்டைக் காட்டினார். குண்டு அற்புதமாகத் துள்ளியது. சார் பெருமூச்சு விட்டார். “இத வாங்குனா கல்லு வூட்ல இருக்கும், நான் போலீஸ் ஸ்டேசன்ல இருப்பேன். வா தம்பி போலாம்.”

வழியெல்லாம் எனக்குப் பாடம் நடக்கும். “கல்லுக்கு மூஞ்சியப் பாக்கக் கூடாது தம்பி. பளபளன்னு பெயின்ட் அடிச்சிருந்தா நாலு அடி தள்ளி நில்லு. எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். மொதல்ல குண்டப் போடு. அப்புறம் வாயத் தொற.” மூன்று வருடம் கேட்டேன். தலையையும் ஆட்டினேன்.

கடைசியில் தா.பழூர் பக்கம் ஒரு ஊரில், வேப்பமரத்தடியில் அவர் தேடிய கல் இருந்தது. கூரான மூக்கு, தேயாத முகம். சார் பைக் நிற்பதற்குள் குதித்து ஓடிப்போய்க் குண்டைப் போட்டார். டிங்! துள்ளிய குண்டு நேராக அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகுதான் கல்லில் இருந்த குங்குமத்தையும், சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் துணியையும் பார்த்தோம். பழைய பட்டறை இருந்த இடம். கல்லை ஊரார் சாமியாகக் கும்பிட்டு வந்தார்கள்.

அடி விழும் என்று நான் பைக்கைத் திருப்பினேன். ஆனால் சாமியிடம் பூ வைத்துக் கேட்கிற ஊர் அது. சார் குண்டு வைத்துக் கேட்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஓர் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“சாமி, எம் மவளுக்கு இந்த வருசம் கல்யாணம் கூடி வருமா? கேட்டுச் சொல்லுங்க.”

பொய் சொல்லத் தெரியாத மனிதர் மறுபடியும் குண்டைப் போட்டார். “நல்லா துள்ளுதும்மா. சுத்தமான எஃகு” என்றார். அந்த அம்மா அழுதே விட்டார். கல்லைக் கேட்கப் போன நாங்கள், இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். இரண்டு மாதத்தில் ‘பால்ரஸ் சாமி’ என்று எழுதிய கல்யாணப் பத்திரிகை ஆபீஸுக்கு வந்தது. சார் முறைப்படி அதற்குத் தபால் எண் போட்டு, சீல் குத்தினார்.

பணி நிறைவு நாள் நெருங்கிவிட்டது. வழக்கமாக எல்லோரும் சேர்ந்து மோதிரம் போடுவோம். “இந்தத் தடவை கல்லு வாங்கிக் குடுத்துடலாம்” என்றேன். ஆபீஸே ஒத்துக்கொண்டது. வாங்கும் பொறுப்பு, மூன்று வருடம் பாடம் கேட்ட எனக்கு.

அப்புறம் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேடையில் மாலை போட்டு வைக்கிற பொருளாயிற்றே என்று பார்க்க லட்சணமாக இருந்த ஒன்றை எடுத்தேன். நீலப் பெயின்ட், பளபளவென்று. விலையும் கட்டுப்படியானது. குண்டு போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மாலை போட்ட சாரையும் மாலை போட்ட கல்லையும் குட்டியானை வண்டியில் ஏற்றிப் பெரம்பலூருக்குக் கொண்டுபோய் இறக்கினோம். கமலாக்கா கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார். சார் கல்லை ஒரு சுற்று சுற்றி வந்தார். கை சட்டைப் பைக்குப் போனது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வெறுங்கையாகத் திரும்பி வந்து கல்லைத் தடவிக்கொடுத்தது.

“நல்ல கல்லு தம்பி. பாத்தாலே தெரியுது.”

பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. தொப். தொப். தொப். கமலாக்கா ஒரு காகிதம் பறக்காமல் அதன்மேல் பால்ரஸை வைத்திருந்தார். “இனிமே இது தேவப்படாதுன்னு எங்கிட்ட குடுத்துட்டாரு தம்பி” என்றார்.

கொட்டகைக்குள் சார் வியர்த்து வழிந்து அடித்துக்கொண்டிருந்தார். கல்லின் நீல முகம் முழுக்கக் குழி. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன் சார். வேற கல்லு மாத்திடலாம்.”

“எதுக்கு?” என்று சுத்தியலைக் கீழே வைத்தார். பத்து நாளிலேயே சட்டை இரண்டு தோளிலும் நேராக உட்கார்ந்திருந்தது. “சத்தத்தக் கேட்டியா? அப்படியே நம்ம ஆபீஸ் சீல் சத்தம். அடிக்கிறப்ப நீங்கள்லாம் பக்கத்துலயே உக்காந்திருக்கற மாதிரி இருக்கு தம்பி.”