பொருள்: என் தவறு தொடர்பாக

கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் சாரி சொல்கிற ரகம் நான். அதனால்தான் லைசென்ஸ் வாங்கியதும் என் கணவர் பாடம் நடத்தினார். "வேணும்னே வந்து விழுந்துட்டு இன்சூரன்ஸ்ல பணம் பறிக்கிற கும்பல் இருக்கு. சாரி சொல்லாத. எதுலயும் கையெழுத்துப் போடாத. போலீசைக் கூப்பிடு." வாய்ப்பாடு போல ஒப்பித்தேன்.

மூன்றாவது வாரம், மகள் நிலாவைக் காரில் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். ராஜா அண்ணாமலைபுரம் சிக்னலில் சிவப்பு. முன்னால் நின்ற ஸ்கூட்டர் மெல்லப் பின்னால் உருண்டு என் பம்பரில் முட்டியது. ஓட்டியவர் சரிந்து, காலைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"சாரி சார், சாரி." (வாய்ப்பாடு போயே போச்சு.)

எங்கிருந்தோ ஒருவர் வந்தார். "நான் பாத்துக்கினுதான் இருந்தேன். நீதான் இட்ச்ச. கேஸானா லைசென்ஸ் பூடும். என் தப்புதான்னு எழுதிக் குடு, மிச்சத்த உன் இன்சூரன்ஸ் பாத்துக்கும்." பேப்பரும் பேனாவும் கையோடு கொண்டு வந்திருந்தார். (எவ்வளவு பொறுப்பான சாட்சி என்று வியந்தேன்.)

லைசென்ஸ் போய்விட்டால் என்னிடம் இனி யார் சாவியைத் தருவார்கள்? பானெட்டில் பேப்பரை வைத்து எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள்: என் தவறு தொடர்பாக. பிறகுதான் சந்தேகம். தப்பாக எழுதிவிடக் கூடாதே.

"இது என் தவறுதான். அப்போது என் கார் நின்றுகொண்டிருந்தது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தேன் (போய்ச் சரிபார்த்தேன்). ஸ்கூட்டர் பின்னால் வந்து மோதியது. நான் ஹார்ன் அடித்திருக்க வேண்டும்."

இரண்டு பக்கமும் நிரம்பியதால் நிலாவின் ரஃப் நோட்டிலிருந்து தாள் கிழித்தேன்.

"இன்னாமா, பரீட்சையா எழுதிக்கினு கீற? ரெண்டு வரி போதும்."

"கொஞ்சம் இருங்க சார். சாட்சின்னு உங்க பேரு, அட்ரஸ் போடணும், சொல்லுங்க."

அவர் விழுந்தவரைப் பார்த்தார். பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். டிராஃபிக் போலீஸ்காரர் வந்து, கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"இதுல உங்க தப்பு எங்கம்மா இருக்கு?"

"ஹார்ன் அடிக்கல சார்."

நாங்கள் நிமிர்வதற்குள் இருவரும் ஸ்கூட்டரில் பறந்துவிட்டார்கள். காலைப் பிடித்துக்கொண்டு அலறியவர்தான் கிக்கரை உதைத்தார்.

சாவி என்னிடமே இருக்கிறது. கையெழுத்திடாத அந்தக் கடிதத்தை, கணவர் இன்சூரன்ஸ் தாள்களோடு காரிலேயே வைத்திருக்கிறார். பால் பொங்கி வழிந்தால், "எழுதிக் குடுத்துடறியா?" என்று கேட்பார்.

போன வாரம் கண்ணாடி டம்ளர் உடைந்தது. யார் என்று கேட்டேன். நிலா உள்ளே போய் ஒரு தாளோடு வந்தாள்.

"பொருள்: என் தவறு தொடர்பாக. டம்ளர் மேசை ஓரத்தில் இருந்தது. அங்கே வைத்தது அம்மா."