அழிப்பதும் எழுதுவதுதான்

சம்பந்தி வருவதற்குள் பாயசத்தை அழித்தாக வேண்டும். பாலசுப்ரமணியன் மகனுடைய மேக் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி மறுபடி முயன்றார். பாயசம் அழியவில்லை.

விஷயம் இதுதான். மகள் சஹானாவின் கல்யாணத்தில் வீடியோக்காரர் இவர் சட்டையில் ஒரு குட்டி மைக்கை மாட்டி, பெண்ணின் தந்தை என்ற முறையில் நாலு வார்த்தை பேசச் சொன்னார். பேசினார். மைக்கைக் கழற்ற இருவருமே மறந்தார்கள். மைக்கோடு பந்திக்குப் போனவர், மாப்பிள்ளையின் அப்பா செல்வராஜைப் பார்த்துத் தன் மச்சானிடம் சொன்னது அட்சரம் பிசகாமல் பதிவாகியிருந்தது.

"பாயசத்தைக் குடிக்கிறாரா பாரு. அஞ்சு ஹெச்.பி. மோட்டார் வெச்சு இறைக்கிறாரு."

செல்வராஜ் படாளத்தில் நெல் போடுகிறவர். உவமை பொருந்திவிட்டது, அதுதான் சிக்கல். வீடியோக்காரர் வேறு ரசித்துப்போய், பாயசக் கப் உதட்டுக்குப் போவதை மெதுவாக ஓடவிட்டு நாதஸ்வரம் சேர்த்து, டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருந்தார்.

இந்தப் பெண் வீட்டு வீடியோவைப் பார்க்கத்தான் செல்வராஜ் இன்று சாயங்காலம் அணுபுரத்துக்கு வருகிறார். சஹானா அவர் வீட்டில் வாழப்போனவள்.

"அந்த இடம் வர்றப்ப ரிமோட்டை அமுக்கித் தாண்டிடுங்களேன்," என்றாள் மனைவி ஞானம்பாள்.

"அது மனிதத் தவறுக்கு இடம் குடுக்கிற ஏற்பாடு," என்றார். அவர் ஓய்வு பெற்றது அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து.

"மனிதத் தவறு பந்தியிலயே நடந்துடுச்சு."

"எதிர்வீட்டு கிருபாகரன்கிட்ட விண்டோஸ் இருக்குப்பா, கேக்கலாமா?" என்றபடி மகன் அபிஷேக் எட்டிப் பார்த்தான். நாவலூர் ஆபீஸ் வேலையை அன்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் பாத்தா டவுன்ஷிப்பே பாத்த மாதிரி. இதுல ஏன் ஆகல?"

"இது விண்டோஸ் ஃபார்மேட் பண்ண டிஸ்க்குப்பா. மேக் படிக்கும், எழுதாது."

"நான் எழுதச் சொல்லலையே. அழிக்கத்தானே சொல்றேன்."

"அழிக்கிறதும் எழுதுறதுதான்ப்பா."

காவி கட்டிய யாராவது இதைச் சொல்லியிருந்தால் பாலசுப்ரமணியன் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்.

எழுதும் அனுமதி தருகிற மென்பொருள் ஒன்றை அபிஷேக் இறக்கினான். அது முதல் காரியமாக, கம்ப்யூட்டரின் பாதுகாப்பைக் குறைக்கச் சொன்னது. பணிக்காலம் முழுக்கப் பாதுகாப்பைக் கூட்டச் சொல்லியே கையெழுத்துப் போட்டவருக்கு வியர்த்தது.

"நீயே அமுக்கு. நான் பால்கனியில இருக்கேன்."

லேப்டாப் அணைந்து, உயிர் பெற்று, டிஸ்க்கைத் திறந்தது. கோப்புகளுக்குப் பெயர் இல்லை, நீள நீளமாய் எண்கள்தான். பாயசம் மேலிருந்து மூன்றாவது என்று பாலசுப்ரமணியன் காலையிலேயே மனப்பாடம் செய்திருந்தார். ஆனாலும் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் சொல்ல வேண்டும்; மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

"மேலேர்ந்து மூணாவது."

"மேலேர்ந்து மூணாவது."

"அழி."

"திரும்ப வராதுன்னு கேக்குதுப்பா."

"வரக் கூடாது. அழி."

"அழிச்சாச்சு."

நடைமுறையில் எள்ளளவும் பிழையில்லை. லேப்டாப் அணைந்து எழுந்ததில் பட்டியல் தலைகீழாக மாறியிருந்தது என்பது மட்டும் நடைமுறையில் வரவில்லை. சரிபார்க்கலாம் என்று ஓட்டிப் பார்த்தபோது பாயசம் சௌக்கியமாக இருந்தது. தாலி கட்டும் பகுதியைக் காணோம்.

அழிவது பாதியிலாவது நிற்கட்டும் என்று பாலசுப்ரமணியன் ஒயரைப் பிடுங்கினார். திரும்பச் செருகியபோது, டிஸ்க் பழுதாகியிருக்கிறது, விண்டோஸில் சரிசெய்யும்வரை படிக்க மட்டுமே முடியும் என்று செய்தி வந்தது. இனி பாயசத்தை யாராலும் அசைக்க முடியாது.

வீடியோக்காரருக்குப் போன் போட்டார்கள். "டெலிவரி குடுத்ததும் நாங்க அழிச்சிடுவோம் சார். இடம் வேணும்ல?"

பாலசுப்ரமணியன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டிய நேரத்தில் அவருக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் உயரமானவர்கள். சஹானா தலை குனிந்ததை, குனிந்தபடியே கண்ணால் அப்பாவைத் தேடியதை, அவர் பார்த்தது இந்த வீடியோவில்தான்.

ஞானம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள். "விடுங்க. மாப்ள வீட்லயும் தனியா ஒரு வீடியோக்காரர் வந்தாரே. தாலி கட்டினதை அவரும் எடுத்திருப்பாரு. சம்பந்திகிட்ட நைசா ஒரு காப்பி கேளுங்க."

செல்வராஜ் ஒரு பை வேர்க்கடலையோடு வந்தார். உட்காருவதற்கு முன்பே டி.வி.யைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் அப்பால பாத்துக்கலாம் சம்பந்தி. தாலி கட்டுனத மட்டும் போடுங்க."

"மொதல்ல காபி சாப்பிடுங்க."

"காபி இன்னாத்துக்கு? மொதல்ல தாலி."

"கேசரி பண்ணிருக்கா."

"தாலி கட்டுறது நல்லா வந்துகீதா சம்பந்தி?"

ஞானம்பாள் சமையலறை வாசலிலிருந்து கண்ணைக் காட்டினாள். பாலசுப்ரமணியன் ரிமோட்டைத் தள்ளி வைத்தார்.

"எங்க ஆளு என்னத்த எடுத்தான்? உங்க வீடியோதான் பிரமாதம்னு கேள்வி. அதுல தாலி கட்டினதை மட்டும் எங்களுக்கு ஒரு காப்பி…"

செல்வராஜ் பைக்குள் கையை விட்டு, கடலைக்கு அடியிலிருந்து அட்டை பிரிக்காத புது ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சமையலறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பந்தியில உங்களப் பத்தி நான் பேசுன ஒரு துண்ட அழிக்கப் போயி, எங்க டிஸ்க்குல தாலி கட்டுனது பூடுச்சி சம்பந்தி, உங்களுது கீதுன்ற தைரியத்துலதான் பஸ் ஏறினேன்."