ஆள் ஏறினால் நேராக ஓடும் ஜீப்

குழந்தைசாமியின் ஜீப் மண் ரோட்டை விட்டு இடது பக்கமாக இறங்கி, அர்த்தனாரி தோட்டத்துப் பலா மரத்தில் மெதுவாக முட்டி நின்றது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பலாக்காய் மட்டும் பானெட்டின் மேல் விழுந்து உருண்டது.

முன்சீட்டில் இருந்த சுகாதார அலுவலர் ஸ்டீபன் முதலில் பலாக்காயைப் பார்த்தார். அப்புறம் குழந்தைசாமியைப் பார்த்தார்.

"நீங்க வலது பக்கம்தானே திருப்புனீங்க?"

"ஆமாங்க சார்."

"வண்டி இடது பக்கம் போச்சே."

"ஆள் கம்மியா இருந்தா இதுக்குக் கோவம் வந்துருமுங்க."

பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நர்ஸ் ரஞ்சிதா, தனக்கும் கோபம் வருகிறது என்று சொன்னாள்.

குழந்தைசாமி பொய் சொல்லவில்லை. மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு அப்பால் நான்கு சிற்றூர்களுக்குப் பாறையும் சேறுமான பாதைதான். மூன்று வருடத்துக்கு முன்னால், பாறை இடிக்காமல் இருக்க அவன் ஜீப்புக்கு அடியில் கூடுதல் பட்டைகள் போட்டு, பெரிய டயர் மாட்டி, முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்தான். அன்றிலிருந்து ஸ்டீரிங் இடது பக்கம் இழுத்தது. ஆனால் காலியாக ஓடும்போது மட்டும்தான். பத்துப் பேர் ஏறிவிட்டால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும்.

வண்டிக்குக் கூட்டம் பிடிக்கும் என்று அவன் நம்பினான். கூடவே, தன் கைக்கு ஒரு ராசி இருப்பதாகவும் நம்பினான்.

பின்னால் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. உள் கண்ணாடியை அறப்பளீஸ்வரர் படமும் இரண்டு பிளாஸ்டிக் மாலைகளும் மறைத்திருந்தன. வண்டி நகர்ந்ததும் பின்பக்கத்து மரப்பெஞ்சு ஒரு தடவை கிரீச் என்று சத்தம் போடும். ஜீப் 'சரி, போலாம்' என்று சொல்வதாக அவன் எடுத்துக்கொள்வான்.

வாரம் இரண்டு நாள் மருத்துவ முகாமை அந்த நான்கு ஊர்களுக்கும் ஏற்றிப்போக ஒரு வண்டி வேண்டியிருந்தது. அதற்கான சோதனை ஓட்டம்தான் பலா மரத்தில் முடிந்தது. ஸ்டீபன் திண்டுக்கல் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். அடுத்த வாரம் இதே கிழமைக்குள் ஸ்டீரிங்கைச் சரி செய்தால் இன்னொரு முறை பார்க்கலாம், இல்லையென்றால் வேறு வண்டிதான் என்று சொல்லிவிட்டு, மீதி தூரத்தை நடந்தே போனார்.

சேதி குழந்தைசாமிக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அவன் மனைவி சுமித்ரா திருகையில் கம்பைத் திரித்துக்கொண்டே பேசினாள்.

"ஏனுங்க, இந்த வேலையும் போச்சுன்னா ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க. எங்கண்ணன் காட்டுல மரவள்ளி நட ஆள் வேணுமாம்."

குழந்தைசாமி தட்டைத் தள்ளி வைத்தான். மச்சான் வேல்முருகன் ஒவ்வொரு பொங்கலுக்கும், டிரைவர் வேலை என்பது உட்கார்ந்துகொண்டு பார்க்கும் வேலை என்று சொல்லிச் சிரிக்கிறவர். அவர் காட்டில் குனிந்து குச்சி நடுவதை நினைத்தாலே அவனுக்கு முதுகு கூசியது.

செம்மேட்டு மெக்கானிக் சதீஷ்குமார் ஜீப்புக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணா, பாடி மேல ஏறிப்போச்சு. ஸ்டீரிங் ராடு ஏணி சாத்தி வெச்ச மாதிரி சாஞ்சு நிக்குது. உள்ள ஒருத்தர் தும்முனாக்கூடச் சக்கரத்துக்குத் தெரியும்."

"செய்யற வேலை யாருக்கும் தெரியக் கூடாது" என்றான் குழந்தைசாமி. ஸ்டீரிங் சரியில்லை என்று ஒரு டிரைவரே ஒத்துக்கொண்டால் அப்புறம் யார் ஏறுவார்கள்?

சதீஷ்குமார் தேய்ந்துபோன பால் ஜாயிண்ட்களை மாற்றினான். நூல் கட்டிச் சக்கரங்களை நேர் பார்த்தான். குழந்தைசாமி காலி வண்டியைச் சோளக்காடு வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். மூன்று வருடத்தில் முதல் முறையாகக் காலி ஜீப் நேராகப் போனது. இரண்டு மின்கம்ப தூரத்துக்கு அவன் ஸ்டீரிங்கிலிருந்து கையையே எடுத்துவிட்டான். எதிரே வந்த எருமைக்கு வணக்கம் கூட வைத்தான்.

மறுநாள் காலையில் வழக்கமான பத்துப் பேர் ஏறினார்கள். கடைசியாக, தினமும் பலாவும் மிளகும் விற்கப் போகிற அத்தாயி, கதவோரத்துத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு கிரீச்சென்றது.

ஜீப் வலது பக்கம் திரும்பி, ஒரு கேழ்வரகுப் போருக்குள் பாதி நுழைந்தது.

யாரும் கத்தவில்லை. தலையிலிருந்த வைக்கோலை எடுத்துக்கொண்டே அத்தாயி, ராத்திரி தூங்கவில்லையா என்று அக்கறையாக விசாரித்தாள். ஆமாம் என்று அவன் தலையாட்டினான். வேறு என்ன சொல்வது?

மத்தியானமே சதீஷ்குமாரிடம் ஓடினான். அவன் ராடை அரைச் சுற்று இடது பக்கத்துக்குத் திருப்பி வைத்தான். இப்போது ஆள் ஏறினால் கொஞ்சம் வலது பக்கம் போனது, காலியாக இருந்தால் கொஞ்சம் இடது பக்கம் போனது. முன்பு ஒரு குறை இருந்தது, இப்போது இரண்டு.

அரைச் சுற்றைப் பழையபடியே திருப்பிவிட்டு, சதீஷ்குமார் அடுத்த வேலையில் இறங்கினான். ராடின் சாய்வைக் குறைக்க, ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் கையைக் கழற்றிவிட்டு நீளமான கை ஒன்றைப் போட்டான். ஜீப்புக்கு அருள் வந்துவிட்டது. வேகம் கொஞ்சம் கூடினாலும் ஸ்டீரிங் சாமியாடியது. குழந்தைசாமியின் பல்லும் சேர்ந்து ஆடியது. அதை அடக்கக் குறுக்கே ஒரு ஷாக் அப்சார்பரைக் கட்டினார்கள். ஆட்டம் நின்றது. காலியாகப் போனால் நேர். பத்துப் பேர் ஏறினால் வலது பக்கம்.

அன்று வண்டியில் புதிதாக வந்த டீச்சர் மோனிஷாவும் இருந்தாள். "சும்மா உக்காந்துட்டு வராத கண்ணு" என்று அத்தாயி அவளை அதட்டுவது முன்னால் கேட்டது. பலாப்பழத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள் போல என்று அவன் நினைத்தான்.

கடைசியாகச் சதீஷ்குமார், உடைக்க வந்திருந்த ஒரு பழைய காரிலிருந்து பவர் ஸ்டீரிங்கைக் கழற்றி ஜீப்பில் மாட்டினான். ஒற்றை விரலில் சுற்றியது. சுமித்ராவை முன்னால் உட்கார வைத்து ஊரைச் சுற்றி வந்தான். அவள் இறங்கும்போது, பரவாயில்லை என்றாள். பத்து வருடக் கல்யாணத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் இரண்டாவது முறை.

மறுநாள் பத்துப் பேரோடு கிளம்பிய ஜீப், முன்னைவிடச் சுலபமாக வலது பக்கம் திரும்பி, ரேஷன் கடை வாசலில் போய் நின்றது. கடைக்காரர் கார்டைக் கேட்டார்.

"மெக்கானிக் வேலையில இதுக்கு மேல ஒன்னுமில்லீங்கண்ணா" என்று சொல்லிவிட்டுச் சதீஷ்குமார் ஜீப்புக்குத் திருஷ்டி சுற்றி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான்.

சோதனை நாள் வந்தது. குழந்தைசாமி ஒரு முடிவோடு இருந்தான். வழக்கமாக ஏறுகிறவர்களிடம் இன்றைக்கு வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டு, ஸ்டீபனையும் ரஞ்சிதாவையும் மட்டும் ஏற்றிக்கொண்டான்.

ஜீப் அப்படி ஓடியது. பாறை மேல் ஏறியது, ஓடையில் இறங்கியது, திருப்பத்தில் திரும்பியது. பலா மரத்தைத் தாண்டும்போது ஸ்டீபன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மரம் பின்னால் இருந்தது. ரஞ்சிதா மருந்துப் பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கியே போனாள்.

கடைசி ஊரில் முகாம் நடந்தது. வந்தவர்களில் பத்துப் பேருக்கு இடுப்பு வலி. பத்துப் பேருக்கும் ஒரே பக்கம்தான். மலைக்காட்டு வேலை அப்படி என்று ரஞ்சிதா எல்லாருக்கும் ஒரே தைலத்தைக் கொடுத்தாள்.

ஸ்டீபன் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். அப்போதுதான் அத்தாயியும் மற்றவர்களும் மூட்டைகளோடு வந்து நின்றார்கள். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போக வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

வண்டி தாங்காது என்று குழந்தைசாமி இழுத்தான்.

"ஜீப் எதுக்குங்க இருக்கு? ஏத்துங்க" என்றார் ஸ்டீபன். "கையெழுத்தைப் பஸ் ஸ்டாப்புல போட்டுக்கலாம்."

பத்துப் பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்து ஏறினார்கள். குழந்தைசாமி அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு கியரைப் போட்டான்.

கிரீச்.

ஜீப் வலது பக்கம் திரும்பியது. வேலியைத் தாண்டியது. இடுப்பளவு வளர்ந்திருந்த மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரி நிதானமாகப் போய் நின்றது.

மண்வெட்டியோடு ஒருவர் நிமிர்ந்தார். மச்சான் வேல்முருகன்.

"வாங்க மாப்ள" என்றார். "நாளைக்குத்தான் வருவீங்கன்னு சுமித்ரா சொல்லுச்சு."

குழந்தைசாமி ஸ்டீரிங் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டான். ஹாரன் நீளமாக அடித்தது.

ஸ்டீபன் பேனாவை மூடவில்லை. அவருக்கும் அந்த வேலையை இவனுக்கே கொடுக்கத்தான் ஆசை.

"எங்க ரெண்டு பேரை ஏத்திட்டு வரும்போது தண்டவாளத்துல போற மாதிரி வந்துச்சு. இவங்க ஏறுனதும் காட்டுக்குள்ள எறங்குது. ஏன்னு மட்டும் சொல்லுங்க. இங்கேயே கையெழுத்துப் போடறேன்."

மறைத்துப் பிரயோசனமில்லை. குழந்தைசாமி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். மூன்று வருடமாக ஸ்டீரிங் இடது பக்கம் இழுத்தது, வெளியே சொல்ல வெட்கப்பட்டது, இந்த ஒரு வாரத்தில் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றியது, எல்லாம். "இனி மாத்தறதுக்கு என்னைத் தவிர ஒன்னும் பாக்கியில்லீங்க சார். ஏன்னு சத்தியமாத் தெரியலீங்க."

பின்னால் பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அத்தாயி இடுப்பைத் தடவிக்கொண்டே மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ரிப்பேர் பண்ணிட்டேன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? மூணு வருசமா நாங்க பத்துப் பேரும் வலது பக்கம் சாஞ்சு சாஞ்சுதானுங்க இந்த வண்டியை ஓட்டிட்டு வாரோம்."