டெல்லி மாமா கழுத்து

ஜாக்கெட் தைக்கிறவர்கள் பொய் சொல்லுவோம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. துணி கொடுத்தவர் போனில் கேட்கும்போது, இன்னும் வெட்டவே இல்லை என்று சொல்ல மனசு வராது. "கொக்கி மட்டும்தான் வைக்கணும்" என்று வாயில் தானாக வந்துவிடும். மந்தைவெளியில் இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். வைத்த கொக்கிகளைவிட வைக்கப்போவதாகச் சொன்ன கொக்கிகள் அதிகம்.

எதிரில் புதிதாக ஒரு தையல் கடை வந்தது. அவர்கள் தினமும் வீடியோ போட்டார்கள். கூட்டம் அங்கே போனது. என் மனைவி செல்விக்குப் பொறுக்கவில்லை.

"நீயும் போடுய்யா. இன்னா, கேமரா கடிச்சிடுமா?"

நான் பெண்களுக்குத் தைக்கிறவன்தான். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாது. (அளவு எடுப்பது செல்வி. நான் சுவரைப் பார்த்தபடி நோட்டில் எழுதுவேன்.) என் முகம் மட்டும் வரக்கூடாது என்று கெஞ்சினேன். ஒத்துக்கொண்டாள். என் கைகளைக் கொஞ்சம் எடுத்தாள், மெஷினைக் கொஞ்சம் எடுத்தாள், மீதி நேரம் முழுக்க என் தலைக்கு மேலே இருந்த அலமாரியை நிதானமாகக் காட்டினாள்.

வெட்டாத துணிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு, கொட்டை எழுத்தில்.

மத்தியானத்துக்குள் வீடியோவுக்குக் கீழே கருத்துகள் குவிந்தன. பாராட்டு என்று நினைத்து செல்வி உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது தட்டில் இருக்கும் பச்சை என்னுடையது, போன வாரமே முடிந்தது என்றீர்களே என்று ஒருவர். ஊதா என் அக்காவுடையது என்று இன்னொருவர். மூன்றாமவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அலமாரியில் இருந்த பெயர்களை வரிசையாக எழுதிப் போட்டிருந்தார். செல்வியின் குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றுவிட்டது.

நாலு மணிக்கு அலமேலு மாமி வந்தார். பக்கத்துத் தெரு ஃப்ளாட்டில் இருப்பவர். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவர் அனுப்பியவர்கள். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம்; அதற்கான பட்டு ஜாக்கெட் துணியும் அந்த அலமாரியில்தான் இருந்தது. அன்று செவ்வாய். மாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஏகாம்பரம், காத்தால கேட்டப்போ கொக்கி வெச்சுண்டிருக்கேன்னியே. எதுல வெச்சே, சீட்டுலயா?"

நான் அவசரமாக அந்தப் பட்டுத்துணியை அலமாரியிலிருந்து இறக்கினேன்.

"இனிமே நீ சொல்றதைக் கேக்கப் போறதில்லை, பாக்கத்தான் போறேன். நாளைக்குப் போனைச் சாத்தி வெச்சுட்டு, தைக்கறதை வீடியோல நேரா காட்டு. நான் ஆத்துலேர்ந்து பாத்துண்டிருப்பேன். ஜாக்கெட் வரலைன்னா எங்க ஃப்ளாட்ல ஒருத்தரும் உன் கடைக்கு வர மாட்டா."

மறுநாள் காலை போனை நூல் டப்பாவில் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மாமி மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். மாமி அதைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பியிருந்தார். பதினேழு பேர் பார்த்தார்கள். பின்கழுத்துக்கு சாக்பீஸால் கோடு போட்டதுமே ஆலோசனைகள் ஆரம்பித்தன. பெங்களூர்ச் சித்தி ஏற்றச் சொன்னார். டெல்லி மாமா இறக்கச் சொன்னார். வேறொருவர் முதுகில் ஜன்னல் வைக்கச் சொன்னார். எனக்கோ யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. எல்லோருக்கும் ஒரு கோடு போட்டேன். பட்டுத்துணி பஸ் ரூட் படம் மாதிரி ஆகிவிட்டது. டெல்லி மாமா மூன்றாவது தடவையாக "இரண்டு இஞ்ச் இறக்கவும்" என்று எழுதினார். அதட்டுகிற மாதிரி இருந்தது. வெட்டிவிட்டேன்.

உடனே மாமியின் போன்.

"யாரைக் கேட்டு வெட்டினே?"

"டெல்லி மாமா சொன்னாரு மாமி."

"அவருக்கு அவர் சட்டையே எடுக்கத் தெரியாது. அவர் ஆத்து மாமிதான் எடுத்துக் குடுக்கணும்."

அதற்குள் செல்வி கருத்துகளைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். நடுவில் கல்யாணப் பெண்ணே எழுதியிருந்தாள்: "அண்ணா, அளவு ஜாக்கெட்ல இருக்கறபடியே தைச்சுடுங்கோ." அதை ஒருவரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

வெட்டிய பட்டுத்துணியை ஒட்ட வைக்க முடியாது. மிச்சமிருந்த ஜரிகை பார்டரை விசிறி மாதிரி மடித்து, இறங்கிய கழுத்தை மூடித் தைத்தேன். பதினேழு பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். வியாழக்கிழமை மாலை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாமி பிரித்துப் பார்ப்பதற்குள் படியிறங்கிவிட்டேன்.

நிச்சயதார்த்தப் படத்தை யாரோ போட்டிருந்தார்கள். பெண்ணைவிட முதுகு விசிறிக்குத்தான் அதிகக் கேள்விகள். இந்த மாடலுக்கு என்ன பெயர் என்று கேட்டவர்களுக்கு, மாமி கோபம் தீராமல் "டெல்லி மாமா கழுத்து" என்று பதில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அதுதான் பெயர். திருவான்மியூரிலிருந்துகூட வந்து கேட்கிறார்கள். அளவு நோட்டில் 'டெ.மா.' என்று எழுதிக்கொள்கிறேன்.

போன மாதம் டெல்லி மாமாவே ஊருக்கு வந்தவர், மனைவியோடு கடைக்கு வந்தார். என்னைவிடக் கூச்சப்படுகிறவர்; வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் மனைவி துணியை வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, செல்வியிடம் மெதுவாகச் சொன்னார்:

"எந்தக் கழுத்து வேணா வைங்கோ. இவரோடது மட்டும் வேண்டாம்."