அண்ணனுக்கு வீடு இருக்கிறது என்று நான் வைத்த கையெழுத்து

ஏழாம் நம்பர் லயம்,
மேல் பிரிவு,
நோட்டன் பிரிட்ஜ்.
செவ்வாய்க்கிழமை

மிகுந்த மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய அண்ணன் மரியரட்ணம் அவர்களுக்கு, தங்கச்சி ஐவி கும்பிட்டு எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் முதலில் எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். சுகமில்லாவிட்டால் எப்படி எழுதுவது என்பது ஆறாம் வகுப்பில் வரும்போல. நான் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. அதனால் இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரர், உங்கள் மச்சான், செத்து ஐந்து மாதம் முடிந்துவிட்டது. மகன் டினேஷும் மருமகள் நிரோஜினியும் சுகம். எனக்கு முழங்காலில் கட்டுப் போட்டிருக்கிறது, மற்றபடி சுகம். அங்கே குருநாகலில் நீங்களும், நீங்கள் காவல் இருக்கிற கராஜும், அதற்குள் நீங்கள் படுக்கிற அந்த ஓடாத வேனும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நான் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீங்கள் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் உட்கார்ந்து வாசியுங்கள். அண்ணா, உங்களுக்குக் கிடைக்க இருந்த வீட்டை நான் கெடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வீடில்லாத பழைய ஆமிக்காரர்களுக்குக் கினிகத்தேனைப் பக்கம் வீடு கட்டுகிறார்கள், உங்கள் பெயரும் அந்த லிஸ்டில் இருக்கிறது, சொந்தக்காரர் என்று நீங்கள் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறீர்கள், விசாரிக்க ஆள் வருகிறது என்று டினேஷ் சொன்னான். விசாரிக்க வருகிறார்கள் என்றதும் எனக்குப் பெண் பார்க்க வருகிற மாதிரி இருந்தது. நான் பிறந்ததிலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பார்த்தது ஒன்றுதான். கூரைத் தகரம் வந்தாலும், தண்ணீர்த் தொட்டி வந்தாலும், ஏற்கனவே இருக்கிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறதற்கென்று ஒரு ஆபீஸ் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கேட்பாரற்ற ஆள் என்று எழுதிவிட்டால் உங்களை ஒதுக்கிவிடுவார்களே, நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று காட்ட வேண்டுமே என்று இரண்டு நாள் வேலை பார்த்தேன். இந்த ஒற்றை அறைக் காம்பராவுக்கு வெள்ளை அடித்தேன். பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமியிடம் அவர்களுடைய கட்டிலை இரவல் வாங்கி, ஜன்னல் ஓரமாகப் போட்டேன். உங்கள் மச்சானுடைய இரண்டு சட்டையையும் சாரத்தையும் துவைத்துக் கொடியில் போட்டேன். அவருடைய செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன். அதை வைக்கும்போது கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், அதை விடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சிங்கள ஆபீசர் மாத்தயா, மீசை வைத்தவர், நல்ல மனிதர். இன்னொன்று பிரேமினி என்று நம்ம பிள்ளை, டயகமப் பக்கம், அவர் சிங்களத்தில் சொல்கிறதை நமக்குத் தமிழில் சொல்ல வந்தது. பைலைத் திறந்து முதல் கேள்வியே, "அம்மா, உங்க அண்ணனுக்கு இருக்க இடம் இருக்கா?" என்று கேட்டது. எனக்கு வந்ததே கோபம். நான் உயிரோடு இருக்கும்போது என் வாசலில் நின்று அதைக் கேட்கலாமா? "என்னம்மா இப்புடிக் கேக்குறீங்க? கூடப் பொறந்தவ நான் எதுக்கு இருக்கேன்? அண்ணனுக்கு இதுதான் வீடு. அந்தா கட்டில். அந்தா சட்டை" என்றேன்.

நான் சொன்னதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அன்றைக்கு லயமே லீவு போட்ட மாதிரி வாசல் இஸ்தோப்பில் கூடிவிட்டது. மேலே லயத்து அழகுமுத்து, அவனை யாரும் கேட்கவேயில்லை, "ஆமிக்காரரா? நேத்துக்கூட எங்க வீட்டுலதான் தேத்தண்ணி குடிச்சாரு" என்றான். நாகலெட்சுமி விடுவாளா, "தேத்தண்ணி மட்டுமா, எங்க வீட்டுல ரொட்டியும் தின்னாரு. இன்னொன்னு போடட்டுமான்னு கேட்டேன், வேணாம் தங்கச்சின்னுட்டாரு" என்றாள். நீங்கள் அவளோடு வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாத்தயா ஏதோ கேட்டார். பிரேமினி, "இப்ப அவரு எங்கன்னு கேக்குறாரு" என்றது. நான் வாயைத் திறக்கிறதற்குள் அழகுமுத்து, "மலைக்கு வெறகு பொறுக்கப் போயிட்டாரு" என்றான். பைலில் உங்களுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை என்று எழுதியிருக்கிறது. "ஒத்தக் காலோட வெறகுக்கா?" என்று பிரேமினி கேட்டது. "சும்மா இருக்க மாட்டாருங்க, உழைச்ச ஒடம்பு" என்று நாகலெட்சுமி சொன்னாள்.

மாத்தயா வாசலில் இருந்த செருப்பைக் குனிந்து பார்த்தார். உங்கள் மச்சான் பாதம் சின்னப் பிள்ளை பாதம் மாதிரி என்று உங்களுக்குத் தெரியும். நீங்களோ ஆறடி. "இவ்வளவு சின்னதா?" என்று அவர் கையால் அளந்து காட்டினார். "குளிருக்குச் சுருங்கிருச்சுங்க" என்றேன். செருப்பா, காலா என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு மாத்தயா சிரித்தார். இவ்வளவு பாசமான ஆட்களைப் பார்த்ததில்லை என்று சொன்னாராம். ஒரு தாளை நீட்டினார்கள். நான் கையெழுத்து வைத்தேன், அழகாக, முழுப் பெயரும். அவர்களுக்குப் பாலும் சீனியும் போட்டுத் தேத்தண்ணி கொடுத்து, பிஸ்கட்டும் கொடுத்து, "அப்ப வீடு எப்பங்க கொடுப்பீங்க?" என்று கேட்டேன்.

பிரேமினி கோப்பையைக் கீழே வைத்தது. "அம்மா, அது வீடு இல்லாதவங்களுக்குக் குடுக்குறதும்மா. நீங்கதான் வீடு இருக்குன்னு கையெழுத்து வச்சிட்டீங்களே" என்றது.

ஜீப் புறப்பட்டுவிட்டது. நான், "பொய்யிங்க, எல்லாம் பொய்யிங்க, அவருக்கு ஒரு எடமும் இல்லீங்க" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வளைவில் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தேன். முழங்கால் கட்டு அதுதான். என்னைத் தூக்கிவிட வந்த அழகுமுத்து, "அக்கா, இன்னொரு தரம் கேட்டிருந்தா காலு ரெண்டும் இருக்குன்னே சொல்லியிருப்பேன், அதுக்குள்ள போயிட்டாங்க" என்று வருத்தப்பட்டான்.

திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே ஹட்டன் ஆபீசுக்குப் போனேன். உங்களைப் பற்றி விசாரிக்க நான் நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்து வாசலில் இருந்தவர் என்னையே ஆமியில் இருந்தவர் என்று நினைத்து நாற்காலி கொடுத்தார். பிரேமினி பாவம், நல்ல பிள்ளை, "அம்மா, கையெழுத்து கையெழுத்துதான். அவரு அங்க இல்லேன்னு தோட்டத்துல ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, பாப்போம்" என்றது. தோட்ட ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப பேர் பதியாத வெளி ஆள ஒருத்தர லயத்துல வச்சிருக்கேன்னு அரசாங்கத் தாள்ல கையெழுத்து வச்சிருக்கே" என்றார். "இல்லீங்கய்யா, அவரு இல்லவே இல்ல." "இல்லாத ஆளுக்கு ஏன் கட்டில் போட்டே?" அழுதேன். அவர் இரங்கினார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தோட்டத்துத் துரை கையெழுத்தோடு கடிதம் வருகிறது: மரியரட்ணம் என்பவரைப் பதினான்கு நாளுக்குள் லயத்தைவிட்டு வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவைப் பற்றித் தோட்டம் முடிவெடுக்க நேரிடும். அண்ணா, இல்லாத உங்களை எப்படி வெளியேற்றுவது என்று நானும் நிரோஜினியும் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் மாதா கைவிடவில்லை. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டியதும் பிரேமினி எழுந்தே நின்றுவிட்டது. "அம்மா, இது போதும்! இருந்த எடத்துலருந்தும் வெளிய போகச் சொல்லிட்டாங்கன்னா அவரு வீடில்லாதவருதானே. மறுபடியும் பேரைச் சேக்கலாம்" என்றது. இல்லாதவரை இல்லை என்று சொன்னால் நம்பவில்லை, இல்லாதவரை விரட்டினால் நம்புகிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பதினைந்தாம் தேதி அவர்கள் திரும்ப வந்து, நீங்கள் லயத்தைவிட்டுப் போய்விட்டீர்களா என்று பார்ப்பார்கள். அப்போது நீங்கள் இங்கே இருந்தால் எல்லாம் முடிந்தது.

இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். பதினான்காம் தேதி உங்கள் மச்சானுக்கு ஆறாம் மாதப் பூசை. வந்து இரண்டு நாள் நிற்பேன் என்று டினேஷிடம் சொன்னீர்களாம். தயவுசெய்து வர வேண்டாம். வீடு கைக்கு வந்த பிறகு வாருங்கள், நாங்களும் அங்கே வந்து நிற்போம்.

கோபிக்காதீர்கள் அண்ணா. இந்த வாசலில் நீங்கள் ஏற்கனவே கேட்ட பேச்சுத்தான் என்பதால் சொல்கிறேன். அண்ணி தவறியதும் அவருடைய அண்ணன்மார் அநுராதபுரத்து வீட்டை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு பையோடு நீங்கள் வந்தீர்களே, அன்றைக்கு உங்கள் மச்சான் வாசலை மறித்துக்கொண்டு, "இப்ப தோதுப்படாது மச்சான், பொறவு பாப்போம்" என்று சொன்னபோது நான் உள்ளேதான் இருந்தேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். சண்டைக் காலத்தில் சந்தேகத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போய் நாலு நாள் வைத்திருந்தபோது, உன் அண்ணன் ஆமியில் இருந்து என்ன பிரயோசனம் என்று அவர் கேட்டார். அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. அந்த நாலு நாளும் நீங்களே சண்டை முனையில் ஒரு பங்கருக்குள் கிடந்தீர்கள், அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வெளியே வரவில்லை. கோப்பையை அவர் கையில் கொடுத்தனுப்பினேன். நீங்கள் நின்றபடியே குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அவருடைய அடக்கத்துக்கும் வந்தீர்கள். சவக்காலையில் மழையில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு கடைசிவரை நின்றீர்கள். இருங்கள் என்று ஒருத்தர் சொல்லவில்லை. லயமே திரண்டு வந்து நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள் என்று சாட்சி சொன்னதே, அதே லயம்தான். நானும்தான். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்யிலேயே அந்த வெள்ளிக்கிழமை சொன்ன பொய்தான் உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சரி. பதினைந்தாம் தேதி கழியட்டும். மருந்தை நேரத்துக்குப் போடுங்கள். பொய்க்கால் உரசுகிற இடத்தில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். டினேஷும் நிரோஜினியும் வணக்கம் சொன்னார்கள். அழகுமுத்து மன்னிப்புக் கேட்டான், நாகலெட்சுமி கேட்கவில்லை. கராஜ் முதலாளிக்கும் அவர் வீட்டாருக்கும் என் கும்பிடு. உங்கள் இருக்கிற காலையும் இல்லாத காலையும் மாதா தன் முந்தானையில் மூடிக் காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் பாவப்பட்ட தங்கச்சி
ஐவி நல்லமுத்து

பி.கு: பிழை பார்க்கச் சொல்லி நிரோஜினியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "பிழை ஒன்னும் இல்ல மாமி. ஆமி மாமாவ வர வேணாம்னு சொல்ல செத்துப்போன மாமாவுக்கு ஒரு வரி போதுமா இருந்துச்சு, ஒங்களுக்கு நாலு பக்கம் எடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். அண்ணா, மேலே எழுதின எல்லாத்தையும் விடுங்க. பூசைக்கு வாங்க. பதினைஞ்சாந் தேதி பிரேமினி வரும்போது இஸ்தோப்புல நாற்காலி போட்டு உக்காந்திருங்க. யாருன்னு கேட்டா, நாங்க வச்சுக்காம விட்டது இவரத்தான்னு நானே சொல்றேன். அதைக் கேட்டும் வீடு குடுத்தா குடுக்கட்டும். குடுக்காட்டி உங்க மச்சான் படுத்த எடம் சும்மாதான் கெடக்கு. கிளாக்கர் திரும்பக் கடிதம் போட்டா போடட்டும், இந்தத் தடவ வெளியேத்துறதுக்கு ஆளாவது இருக்கும். ஹட்டன்ல நோட்டன் பஸ்ல ஏறினதும் எங்க போறீங்கன்னு கண்டக்டர் கேப்பாரு. வீட்டுக்குன்னு சொல்லுங்க.